புதுப்பிப்பு: கூடாரத்தில் ஃப்ரிட்ஜும் மின்கம்பளியும், பேட்டரி கணக்கில் திருத்தம்

ஊட்டிக் குளிரில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்க, 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் அது சரி. மின்கம்பளி சேர்ந்தால் கணக்கு மாறுகிறது.

பேட்டரியின் கையிருப்பு 12.8 × 100, அதாவது 1,280 வாட்-அவர். 45 வாட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 40 சதவீத நேரம் ஓடினால் நாளுக்கு 432. விளக்கு 50. 60 வாட் கம்பளியை எட்டு மணி நேரம் போட்டால், இன்வெர்ட்டர் இழப்போடு 550. முதல் நாளிலேயே 1,032 காலி! படுக்கப் போகும் முன் அரை மணி நேரம் மட்டும் போட்டு அணைத்துவிடுங்கள்; 35 வாட்-அவருக்குள் முடியும், மெத்தையும் சூடாகியிருக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டவே வேண்டாம். 1,800 வாட் என்றால் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர் வரம்புள்ள பேட்டரி தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். கேஸ் அடுப்புதான் நல்லது, அதுவும் வெளியே. மூடிய கூடாரத்துக்குள் கேஸோ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

பேட்டரி நிறைந்திருந்தும் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடுகிறதா? வயரைப் பாருங்கள். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயர் என்றால், 6 ஆம்பியரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும்; ஃப்ரிட்ஜுக்குப் போதிய வோல்ட் எட்டாது. 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.26 தான். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்த வகை பேட்டரியைச் சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். சோலார் பேனலில் சார்ஜ் செய்வதானால், வெயில் ஏறிய பிறகே அதை இணையுங்கள்.