அடுக்குமாடி வாங்கப் போனோம், வாய்க்காலைப் பார்த்தோம்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

வெண்ணாற்றங்கரை:

போன ஐப்பசியில் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பார்க்கப் போனோம். என் கணவருக்குப் பணி ஓய்வு வந்துவிட்டது. கிராமத்து வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு படுக்கையறையோடு ஒரு ஃபிளாட் வாங்கிப் போய்விடலாம் என்று இருந்தோம். ஐந்து தளம், நூறு வீடு வரப்போகிறது என்றார்கள். இடத்தைக் காட்டிய தம்பி, "டிடிசிபி அப்ரூவ்டும்மா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். டிடிசிபி என்பது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்.

அனுமதி நகலைக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. படித்துப் பார்த்தால், அது மனைப்பிரிவுக்கான அனுமதி. பன்னிரண்டு மா, அதாவது ஏறக்குறைய நாலு ஏக்கர் நிலத்தை மனை போட்டு, அதன் ஓரத்தில் நாலு மாவை அடுக்குமாடிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நிலத்தைப் பிரித்து விற்கலாம் என்பது வேறு, அதில் நூறு வீடு கட்டலாம் என்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாகக் கட்டட வரைபட அனுமதி வாங்க வேண்டும். அது அவர்களிடம் இல்லை. "அப்ரூவ்டு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் முதலில் பிரித்துக் கேட்க வேண்டியது இதைத்தான்.

நூறு வீடு என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தேன். நாலு மா என்றால் ஏறக்குறைய 5,350 சதுர மீட்டர். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.3 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. மனையின் அளவைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வீடு என்று வைத்தால் நூறு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் சாலையைப் பார்த்தீர்களா? மனைப்பிரிவுக்குள் 30 அடி ரோடு, சரி. பிரதான சாலையிலிருந்து அங்கே வந்து சேரும் வழி வாய்க்கால் கரை. நானும் அவரும் டேப் பிடித்து அளந்தோம், 18 அடிதான் இருந்தது. நூறு வீட்டுக் கார்களும் பைக்குகளும், கழிவுநீர் லாரியும், தீ பிடித்தால் தீயணைப்பு வண்டியும் அந்தக் கரை மேல்தான் வர வேண்டும். ஊராட்சிப் பகுதி, பாதாளச் சாக்கடையும் கிடையாது.

விளம்பரத் தாளில் 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று ஒரு பூங்கா போட்டிருந்தார்கள். அதுவும் மனைப்பிரிவு வரைபடத்தில் இருந்தது, பொதுத் திறந்தவெளி என்ற பெயரில். நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். ஊருக்குச் சொந்தமான இடத்தையும் சேர்த்துத்தான் எங்களிடம் விலை சொன்னார்கள்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது பக்கத்து வயல்காரர் சொன்னது. சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும், வரப்பில் நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, இதுல கன்னி வாய்க்கா ஓடுச்சும்மா. என் வயல் தண்ணி இப்படித்தான் வடியும்" என்றார். கன்னி வாய்க்கால் என்றால் வயலுக்கு வயல் ஓடும் சின்ன வாய்க்கால். எஃப்.எம்.பி. படத்தை, அதாவது சர்வே துறையின் நில அளவைப் படத்தை எடுத்துப் பார்த்தோம். கோடு இருக்கிறது. நேரில் பார்த்தால் கிராவல் அடித்து மூடியிருக்கிறது. நம் மண் தட்டையான மண். ஒரு சாண் மேடு போட்டாலே தண்ணீர் வேறு வீட்டைத் தேடிப் போகும். ஐப்பசி கார்த்திகையில் அந்த வயலும் தண்ணீரில் நிற்கும், அடுக்குமாடியின் கார் நிறுத்தமும் தண்ணீரில் நிற்கும்.

இன்னொன்று, நானே தப்பாக நம்பிக்கொண்டிருந்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதே, டெல்டா வயலில் இனி இதெல்லாம் நடக்காது என்று நினைத்திருந்தேன். அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பதையும், செம்பு, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற தொழில்களையும். வீட்டு மனையை அது தொடவே இல்லை. நஞ்சைக்கு இருக்கும் காவல், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி வாங்க வேண்டிய நில உபயோக மாற்றம்தான். அந்தக் கோப்பில் வேளாண்மைத் துறையின் கருத்தையும் கேட்பார்கள். நஞ்சையைப் பற்றி அந்த ஒரு தாளில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாங்கள் வாங்கவில்லை. முன்பணமாக ஐம்பதாயிரம் கொடுத்திருந்தோம், நாலு மாதம் நடந்து திரும்ப வாங்கினோம்.

தாராசுரம்:

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தோன்றியது. நாங்கள் அண்ணன் தம்பி நாலு பேர். அப்பா விட்டுப் போனது ஒரே ஓட்டு வீடு, கூடத்தில் தறிக்குழி. இடித்துவிட்டு ஆளுக்கு இரண்டு ஃபிளாட் வருகிற மாதிரி கட்டித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார்.

எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆனது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். 2010-இல் வந்த திருத்தம் இது. கட்டித் தர வந்தவர் கோயில் விமானத்திலிருந்து, அதாவது கருவறைக்கு மேலுள்ள கோபுரத்திலிருந்து அளந்து, "130 மீட்டர் இருக்கு, கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் விமானத்திலிருந்து அளக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது எங்கள் வாசல் 85 மீட்டரில் இருந்தது.

சின்ன அண்ணனுக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. கோயில் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை, அந்தக் கல்லைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் நாலு குடும்பம் ஒரே கூரைக்குள் எப்படி இருப்பது? ஓடு மாற்றவும் அனுமதிக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கிறோம். கட்டக் கூடாது என்று சொன்ன இடத்தில் இருப்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே வேறு இடம் தரும் யோசனையும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

திருவானைக்கா:

நான் வாங்கி மாட்டிக்கொண்டவன். 24 வீடு கொண்ட குடியிருப்பு. வரைபடத்தில் மொட்டை மாடி என்று இருந்த இடத்தில் கடைசி நேரத்தில் இரண்டு வீடு முளைத்தது. ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்காமல் திட்டத்தை இப்படி மாற்ற முடியாது. எங்களில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. வரைபடத்துக்கு மாறாகக் கட்டியதால் பணி முடிவுச் சான்றிதழ் வரவில்லை. அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு இல்லை. ஒன்பது மாதம் தற்காலிக இணைப்பில் ஓட்டினோம், அதற்குக் கட்டணமும் கூடுதல்.

கூடுதலாக வந்த இரண்டு வீட்டுக்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுவான நிலத்தில் எழுதித் தரும் பங்கு, எங்கிருந்து வந்தது? எங்கள் 24 பத்திரத்திலும் உள்ள பங்கைக் கூட்டிப் பார்த்தோம். நூறு சதவீதம் அதிலேயே முடிந்துவிடுகிறது. இப்போது ரெரா ஆணையத்தில் புகார் நடக்கிறது, அதனால் மேலே எழுதவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, எட்டு வீட்டுக்கு மேல் வந்தாலோ ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் அனுமதி வரைபடமே இணையத்தில் கிடைக்கும். எத்தனை மாடி, எத்தனை வீடு என்று அதில் எண்ணிவிட்டு, இடத்துக்குப் போய் மறுபடி எண்ணுங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் கேட்கவும் கூடாது. எங்களிடம் முப்பது கேட்டார்கள், கொடுத்தோம்.

வெண்ணாற்றங்கரை:

தம்பி, புகாரில் தீர்ப்பு வந்ததும் கட்டாயம் இங்கே எழுதுங்கள். நான் போன வாரம் நாங்கள் பார்த்த அந்த இடத்துப் பக்கம் போயிருந்தேன். கட்டடம் இன்னும் தொடங்கவில்லை. நாங்களும் வயல்காரரும் கோட்டாட்சியருக்குக் கொடுத்த மனுவுக்குப் பிறகு சர்வேயர் வந்து அளந்து, வாய்க்கால் போன வழியில் மூன்று கல் நட்டிருக்கிறார். மண்ணை இன்னும் எடுக்கவில்லை. குறுவைக்குத் தண்ணீர் விடுவதற்குள் எடுக்க வேண்டும் என்று அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.