பெரியப்பா அன்பளிப்பாக எழுதிக் கொடுத்த புரோநோட் செல்லுமா?

கேள்வி:
தம்பி மகளின் மேற்படிப்புக்காகப் பெரியப்பா 5 லட்சத்துக்குப் புரோநோட் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் விற்கும் அச்சுப் படிவம், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் பெண் அவருக்குப் பணம் எதுவும் தரவில்லை, இது அன்பளிப்பு. எழுதி ஒன்றரை வருஷம் ஆகிறது. செல்லாது என்கிறார்கள் அவருடைய மகன்கள். வழக்குப் போட்டால் நிற்குமா சார்?

பதில் 1:
நிற்காது. மறுபயன் (பதிலுக்குப் பெற்ற பணமோ வேறு பயனோ) இல்லாமல் எழுதிய நோட்டு, எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பணம் கொடுக்கும் கடமையை உண்டாக்காது (மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 43). 5 லட்சத்தைக் கையில் கொடுத்திருந்தால் தானம் அன்றே முடிந்திருக்கும். நோட்டில் இருப்பது "தருகிறேன்" என்ற வாக்கு மட்டும்தான்.

கேள்வி கேட்டவர்:
அதே சட்டத்தின் பிரிவு 118-ன்படி மறுபயன் இருந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்கிறாரே ஒருவர்?

பதில் 1:
எடுத்துக்கொள்ளும், எதிர்த்தரப்பு அதை உடைக்கும் வரை. உங்கள் படிவத்தை எடுத்துப் படியுங்கள்: "குடும்பச் செலவுக்காகத் தங்களிடம் நாளது தேதியில் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட தொகை" என்று இருக்கும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, படிக்கிற பெண்ணுக்கு 5 லட்சம் ஏது, எந்தக் கணக்கிலிருந்து எடுத்தாள் என்பதுதான். அன்பளிப்பு என்று வழக்குரையில் எழுதினால், மறுபயன் இருந்தது என்ற அந்த அனுமானத்தை நீங்களே உடைத்துவிடுகிறீர்கள். கடன் கொடுத்தோம் என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. அந்த வழிக்கே போகாதீர்கள்.

பதில் 2:
பெரியப்பா இன்னும் மனம் மாறாமல் இருந்தால் வழி இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 25(1): நெருங்கிய உறவினருக்கு, இயல்பான அன்பினால், எழுத்தில் எழுதி, பதிவும் செய்த வாக்குறுதி மறுபயன் இல்லாமலே செல்லும். புரோநோட் வேண்டாம், தனி ஆவணமாக எழுதிப் பதியுங்கள். உறவையும் அன்பையும் அதிலேயே சொல்ல வேண்டும். 1900-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் கணவன் மனைவிக்கு எழுதிய பத்திரம் பதிவானதுதான். ஆனால் அதில் இருந்ததெல்லாம் அவர்கள் சண்டை போட்ட கதை, அன்பு எங்கே என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள்.

இதைவிட எளிது, வங்கி மூலம் பணத்தையே அனுப்பிவிடுவது. பெற்றோரின் உடன்பிறந்தவர் தரும் பணத்துக்கு வாங்குபவரிடம் வருமான வரி கிடையாது.

பதில் 3:
வேறொருவர் பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்த நோட்டு அவர் கையில் இருந்தால் கதை வேறு. அதன் பின்பக்கம் பெண்ணின் பெயருக்கு மேடோவர் (நோட்டை அவளுக்கு மாற்றிக் கொடுப்பதாக) எழுதிக் கையெழுத்திட்டு நோட்டையும் கொடுத்துவிட்டால் அது நல்ல தானம். கடன் வாங்கியவர் உண்மையிலேயே பணம் வாங்கியிருக்கிறார், அவர்மேல் வழக்குப் போடலாம், பெரியப்பாமேல் போட முடியாது. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டென்றால் வழக்குப் போடுவதற்கான 3 வருஷக் கெடு நோட்டின் தேதியிலிருந்து ஓடும், மேடோவர் தேதியிலிருந்து அல்ல. ஸ்டாம்ப் மேல் கையெழுத்தோ கோடோ விழாமல் இருந்தால் ஒட்டாத மாதிரிதான், பின்னால் அபராதம் கட்டியும் புரோநோட்டைச் சரிசெய்ய முடியாது.

பதில் 1:
ஒன்று விட்டுப்போயிற்று. பெரியப்பா புதிய ஆவணம் எழுதினால் பழைய நோட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடச் சொல்லுங்கள். பெண் அதைப் பணம் வாங்கிக்கொண்டு மூன்றாம் ஆளுக்கு மாற்றிவிட்டால், அந்த ஆள் பெரியப்பாவிடமே வசூலிக்கலாம். அதுவும் அதே பிரிவு 43-தான்.