மிசுகி ஷிகேருவின் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை): உங்களை விடாமல் துரத்தும் ஒரு நிமிடம் எது? வாசகர்கள் எழுதியவை

ஒசாகா மழை:
ஜப்பானில் யோனாகோவில் இருந்து, மிசுகியின் கதை நாயகன் கிதாரோ பெயரில் ஓடும் ரயிலில், மிசுகி வளர்ந்த ஊரான சகாய்மினாதோ போனோம். தெரு முழுக்க 170க்கும் மேல் வெண்கலச் சிலை, யோகாய்களின் (ஜப்பானியப் பேய் பூதங்கள்) தலையைத் தடவித் தடவிச் சிலது பளபளக்கிறது, அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்டேஷன் வாசலில் மிசுகி மேசையில் உட்கார்ந்து வரைகிற சிலை இருக்கிறதே, அதன் முன்னால் நின்றவன் நின்றவன்தான். 1944ல் போரில் சிப்பாயாக இருந்தபோது, பாப்புவா நியூகினி ரபவுல் பக்கம் குண்டுவீச்சில் அவருக்கு இடது கை போனது என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்று ராத்திரி ஓட்டல் அறையில் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு மங்கா கட்டம் போட்டுப் பார்த்தேன். ஸ்கேலைப் பிடிக்கக் கை இல்லை, தாள் நகர்கிறது. நாலு கோடு, நாலும் கோணல். இப்படி வரைந்தும் அவசரப்படாமல், நன்றாகத் தூங்கி, 93 வயது வரை இருந்திருக்கிறார் மனிதர்.

ஈப்போ பேத்தி:
இரண்டாம் உலகப் போரில் என் பாட்டியின் அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், வரவே இல்லை. அதனால் எங்கள் வீட்டில் ஜப்பான் சிப்பாய் படம் என்றாலே ஆகாது. 1973ல் வந்த மிசுகியின் போர் மங்காவை நான் ஒளித்துத்தான் படித்தேன் (சாகப் போய் உயிரோடு திரும்பியவர்களை மறுபடியும் சாகச் சொன்ன கதை, 90 சதவீதம் நிஜம் என்று அவரே எழுதியிருக்கிறார்). பாட்டி பார்த்துவிட்டார். மேலதிகாரி புதுப் பையனைக் கன்னத்தில் அறைகிற பக்கம். "இவனுங்க ஆளையே இவனுங்க அடிக்கிறானுங்களா?" விரலை அங்கேயே வைத்திருந்தார். அப்புறம், "இந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பினானா?" என்று கேட்டார். கதையில் அவன் செத்துப்போகிறான். வரைந்தவர் திரும்பினார்.

கறுப்பு மசி:
ஒசாகா மழை, தூக்க விஷயம் அவ்வளவு எளிதில்லை. வாடகைப் புத்தகக் கடைகளுக்கு வரைந்த காலத்தில் அவர் ராத்திரி பகலாக உழைத்தும் வீட்டில் வறுமைதான், மனைவியே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1965ல் கோடன்ஷா பதிப்பகத்தின் மங்கா பரிசு கிடைத்தபோது வயது 43. கண்விழித்து வேலை செய்த மங்கா ஓவியர்கள் தெசுகாவும் இஷினோமொரியும் 60 வயதிலேயே போய்விட்டதை வைத்து, தூக்கம்தான் முக்கியம் என்று அவர் வரைந்த சின்னக் கதை, அதையெல்லாம் பட்டவர் பிற்பாடு சொன்னது. போன வருடம் நான் மூன்று ராத்திரி தொடர்ந்து வரைந்தேன், விடிந்தபோது பேனா பிடித்த விரல் மடங்கவில்லை, அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. மங்கா வரையப் போகிற தம்பி தங்கைகளே, முதல் வருடமே கையில் இருக்கிற சம்பள வேலையை விடாதீர்கள். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மரம், பழைய வீடு, ஆற்றங்கரை எதைப் பார்த்தாலும் படம் சேர்த்து வையுங்கள், மிசுகியும் படங்களை வெட்டி ஒட்டி அப்படிச் சேர்த்தவர்தான், அவர் பின்னணிகளில் அந்தக் காடு அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொடுக்கவேண்டிய தேதிக்கு நாலு நாள் முன்பே முடித்துவிட்டுப் படுங்கள்.

ஒசாகா மழை:
சரிதான், அந்த வறுமைக் காலத்தை நான் விட்டுவிட்டேன். ஈப்போ, பாட்டியிடம் என்ன சொன்னீர்கள்?

ஈப்போ பேத்தி:
கை ஒன்று போய்விட்டது, ஆனால் திரும்பிவிட்டான் என்றேன். பாட்டி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.