பூனைக்கண்ணன் போய்விட்டான், அந்திக்கிறிஸ்து எங்கே?

உட்துறைமுகம்:
எங்கள் வேதபாடக் குழுவில் மூன்று வாரமாக, கடைசிக்காலத்தைப் பற்றி இயேசு பேசும் மத்தேயு 24ஆம் அதிகாரம் ஓடுகிறது. வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது: இது நடந்து முடிந்த கதை அல்ல, நடக்கப்போவதன் அட்டவணை. யுத்தங்கள், யுத்தங்களின் செய்திகள், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி. லூக்கா 21:25 ‘சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்’ என்கிறது. திருகோணமலையில் பிறந்தவனுக்கு அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையா? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பாட்டுப் புத்தகத்தைப் பிடித்த கையோடு ஓடியவன் நான். 1948இல் இஸ்ரவேல் மறுபடி ஒரு தேசமானது, அந்த அதிகாரம் அடையாளமாகச் சொல்லும் அத்திமரம் துளிர்த்துவிட்டது. மீதி இருப்பவை கடைசிக்கால எதிராளியான அந்திக்கிறிஸ்து, மகா உபத்திரவம், கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சி. இவற்றை உருவகம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் தங்கள் நியாயத்தை இங்கே வைக்கலாம். நாள் குறிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சோக்கட்டி:
தம்பி, நான் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவன். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவனும்கூட. ஆகவே வேதத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம்.

அந்த அதிகாரம் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது? சீஷர்கள் எருசலேம் தேவாலயத்தின் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். ‘ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடிக்கு’ இடிக்கப்படும் என்கிறார் இயேசு. எப்போது என்று அவர்கள் கேட்கிறார்கள். கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை வந்து அதை இடித்தது. 34ஆம் வசனத்தில் ‘இவைகளெல்லாம் சம்பவிக்குமுன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’ என்று அவரே கெடுவும் வைத்திருக்கிறார். இதே மத்தேயுவில் 11:16, 23:36 ஆகிய இடங்களில் ‘இந்தச் சந்ததி’ என்றால் எதிரே நிற்கிற மனிதர்கள்தான். 24க்கு வந்ததும் அது எப்படி இரண்டாயிரம் ஆண்டு தள்ளிப்போகும்?

இன்னொன்று. ‘யூதேயாவிலிருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகக்கடவர்கள்’ என்கிறார். உலகமே முடிகிறது என்றால் மலைக்கு ஓடி என்ன பயன்? ஓட்டம் மாரிகாலத்தில் வராதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறார். குழந்தை குட்டிகளோடு மழைக்குள் இடம்பெயர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு நடைமுறையான பேச்சு என்று தெரியும். முற்றுகைக்கு முன் ஒரு பட்டணத்தாருக்குச் சொன்ன புத்திமதி இது.

கடல் முழங்கியதைச் சொன்னீர்கள். 1942 ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு கழிந்த நான்காம் நாள், யப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. உலகம் முடிந்தது என்று என் பாட்டி சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினாராம். சோறு கருகியதுதான் மிச்சம்.

உட்துறைமுகம்:
மாஸ்டர், 70ஆம் ஆண்டை நான் மறுக்கவில்லை. ஆனால் 30ஆம் வசனத்தை மெதுவாகத் தாண்டிவிட்டீர்கள். மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதைப் பூமியின் சகல கோத்திரத்தாரும் காண்பார்கள் என்று இருக்கிறதே, 70இல் யார் கண்டார்கள்? தீத்துவையா? ஒரே பேச்சில் அருகில் இருக்கிற மலையும் தூரத்தில் இருக்கிற மலையும் சேர்ந்து தெரிகின்றன. கடலிலிருந்து பார்த்தால் சுவாமி மலையும் அதன் பின்னால் இருக்கிற நிலமும் ஒன்றாகத் தெரிவதில்லையா, அப்படி.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வாருங்கள். 666 என்ற மிருகத்தின் இலக்கம் ரோமப் பேரரசன் நீரோவைக் குறிக்கும் என்பது உங்கள் அணியின் வழக்கமான வாதம். ஆனால் இரண்டாம் நூற்றாண்டில் சபைப் பிதா இரேனேயு அந்த இலக்கத்துக்குப் பொருந்தும் பெயர்களைத் தேடியபோது நீரோவின் பெயரைச் சொல்லவே இல்லை. அந்தத் தரிசனம் ரோமப் பேரரசன் தொமித்தியனின் ஆட்சி முடிகிற காலத்தில் காணப்பட்டது என்றும் அவர் எழுதினார். தொமித்தியன் ஆண்டது 81 முதல் 96 வரை. எருசலேம் இடிந்து இருபது வருடத்துக்கு மேலான பிறகு அதன் இடிவைப் பற்றி ஏன் தீர்க்கதரிசனம் சொல்ல வேண்டும்?

சோக்கட்டி:
நல்ல அடி. 30ஆம் வசனம் எனக்கும் தொண்டையில் சிக்குகிற முள்தான். தானியேல் 7இல் மேகங்களோடு வருபவர் பூமிக்கு இறங்கவில்லை, நீண்ட ஆயுசுள்ளவரிடத்தில் போகிறார் என்று நான் பதில் சொல்வதுண்டு. அது முழுப் பதில் அல்ல என்பதும் தெரியும். நீரோ விஷயத்தில் விடமாட்டேன். ‘நீரோன் கேசர்’ என்பதை எபிரெய எழுத்தில் எழுதி எண்ணைக் கூட்டினால் 666. கடைசி ‘ன்’ போனால் 616. பழைய பிரதிகள் சிலவற்றில் 616 என்றே இருக்கிறது. இரேனேயுவுக்கும் அந்தப் பாடம் தெரியும், பிழை என்று தள்ளினார். இரண்டு எண்ணும் ஒரே பெயருக்குப் பொருந்துவது தற்செயலா?

கோணமலையான்:
நான் சைவன். உங்கள் வீட்டுச் சண்டைக்குள் வரக்கூடாதுதான். ஆனால் எங்கள் ஊரிலேயே ஒரு தீர்க்கதரிசனம் கல்லில் நிற்கும்போது எதற்காக இரண்டு பேரும் எருசலேம்வரை போகிறீர்கள்?

பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல் இருக்கிறது. அதன் கீழே சிதைந்த தமிழ் எழுத்து. ‘முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று தொடங்கும் பாட்டின் துண்டு அது. குளக்கோட்டன் கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன், பறங்கி என்றால் போர்த்துக்கேயர். ஊர் வாயில் அந்தப் பாட்டு நீளும்: பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் போன பின் நாடு வடுகாய்விடும். மூன்று கண்களும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று சின்ன வயதிலேயே சொல்லித் தந்தார்கள். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் வந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1948இல் சுதந்திரம் வந்தது, 1957இல் கடற்படைத் தளத்தையும் விட்டுப் போனார்கள். சொன்னபடி நடந்ததா இல்லையா?

கடைசி அடியில்தான் வண்டி குடைசாய்கிறது. வடுகர் என்றால் தெலுங்கு நாயக்கர். கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் அவர்கள். ஆனால் புகைக்கண்ணன் போன பின் அவர்கள் வரவில்லை; புகைக்கண்ணன் வந்ததும் இவர்கள் போனார்கள்.

சோக்கட்டி:
கோணமலையான், நான் சொல்ல வந்ததை எனக்கு முன்பே சொல்லிவிட்டீர்கள். கல்லில் எஞ்சியிருப்பது பறங்கிவரைதான். மற்ற இரண்டு கண்களும் வாய்வழிப் பாட்டில் இருக்கின்றன. எதுவரை துல்லியம், எங்கே குழப்பம் என்று பாருங்கள். துல்லியம் முடிகிற இடத்தில்தான் பாடியவர் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த அளவுகோலைத் தானியேல் 11இல் வைத்துப் பாருங்கள். வடதிசை ராஜா, தென்திசை ராஜா, கலியாண உடன்படிக்கை, படையெடுப்பு, பரிசுத்த ஸ்தலத்தின் தீட்டு. கி.மு. 167இல் சீரியாவை ஆண்ட கிரேக்க அரசன் அந்தியோகு எப்பிபானெஸ் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தியதுவரை கைரேகை மாதிரிப் பொருந்துகிறது. 40ஆம் வசனத்துக்குப் பிறகு பொருந்தவில்லை. கடல்களுக்கும் பரிசுத்த பர்வதத்துக்கும் இடையில் கூடாரம் போட்டு அங்கே முடிவடைவான் என்கிறது வசனம். அந்தியோகு கி.மு. 164இல் தொலைவிலே, பெர்சியப் பக்கத்தில் செத்தான். மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்ற தத்துவஞானி இதைச் சுட்டிக் காட்டி, அந்தப் புத்தகம் அந்தியோகுவின் காலத்தில் எழுதப்பட்டது என்றார்.

உட்துறைமுகம்:
போர்பிரி கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய வாதத்தின் அடியில் ஒரு முன்முடிவு இருக்கிறது: வருங்காலத்தை யாராலும் முன்னறிவிக்க முடியாது, ஆகவே பொருந்துவதெல்லாம் பின்னால் எழுதியது. இந்தத் தராசில் எந்தத் தீர்க்கதரிசனத்தைப் போட்டாலும் தோற்கும். பொருந்தினால் பின்னால் எழுதியது, பொருந்தாவிட்டால் பொய். பிறகு எதற்கு நிறுக்கிறீர்கள்?

40ஆம் வசனத்தில் ‘முடிவுகாலத்திலோவென்றால்’ என்று புத்தகமே காலத்தை மாற்றுகிறது. அதற்குப் பிறகு வருகிறவன் அந்தியோகு அல்ல. அவனை நிழலாக உடைய இன்னொருவன்.

ஊர்க் கல்லைப் பற்றியும் ஒன்று. கோயிலை இடித்த போர்த்துக்கேயரே, பரங்கியர் வந்து இதை அழிப்பார்கள், பிறகு எந்த அரசனும் கட்டமாட்டான் என்ற வாக்கு அங்கே இருந்ததாக எழுதி வைத்தார்கள். இடித்தவனே சாட்சி சொல்கிறான் என்றால் அது இடிப்புக்குப் பிந்தியது என்று எப்படி அடித்துச் சொல்வீர்கள்?

கோணமலையான்:
இடித்தவன் அப்படி எழுதி வைப்பதில் அவனுக்கு என்ன லாபம் என்றும் யோசியுங்கள். ‘உங்கள் தெய்வமே எழுதி வைத்தது, நாங்கள் நிறைவேற்றினோம், அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம் அல்லவா?

கட்டாமலும் விடவில்லை. 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் கிடைத்தன. 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. அரசன் யாரும் கட்டவில்லை, சனங்கள் கட்டினார்கள். ஆக, வாக்கும் பொய்க்கவில்லை, கோயிலும் எழும்பிவிட்டது. தீர்க்கதரிசனத்துக்கு விளக்கம் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

நிலாவெளிக் காற்று:
நீங்கள் மூன்று பேரும் கல்லையும் ஏட்டையும் பார்க்கிறீர்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

சுனாமி முகாமுக்கு ஒரு போதகர் வந்தார், ஊர்க்காரர் அல்ல. உட்துறைமுகம் அண்ணா, நீங்கள் சொன்ன அதே லூக்கா 21:25ஐத்தான் வாசித்தார். கர்த்தர் வாசலில் நிற்கிறார் என்றார். என் மாமா அப்போது உடைந்த வள்ளத்தைத் திருத்த பலகை தேடிக்கொண்டிருந்தார். அன்று மாலையோடு விட்டுவிட்டார். ‘யாருக்குத் திருத்துவது?’ என்று கேட்டபடி ஒரு வருடம் கரையில் உட்கார்ந்திருந்தார். மாமி கருவாடு விற்று வீட்டை நடத்தினார். நாங்கள் எல்லோரும் விசுவாசிகள்தான், ஆனால் அந்த ஒரு வருடத்தை மாமி இன்னும் மன்னிக்கவில்லை.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது இன்னொருவர் வந்தார். ‘கொள்ளவும் விற்கவுங் கூடாதபடிக்கு’ என்ற வெளிப்படுத்தல் 13:17 இதுதான், பதியாதீர்கள் என்றார். கேட்டுப் பதியாமல் இருந்தவர்களின் வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. அவர் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து போனார். பெற்றோல் எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

கிண்ணியாப் பாலம்:
சகோதரி, எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். வெறுங்காலோடு ஆடு மேய்த்தவர்கள் உயர்ந்த கட்டடங்களில் போட்டி போடுவார்கள் என்பது கியாமத்தின், அதாவது மறுமை நாளின், அடையாளங்களில் ஒன்று. 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலிஃபாவைக் காட்டி, இதோ வந்துவிட்டது என்பார்கள். நான் அந்த நாட்டில் ஆறு வருடம் சீமெந்து சுமந்தவன். அடையாளத்தைக் கட்டியவர்களில் நானும் ஒருவன் என்றால் எனக்கு என்ன தீர்ப்பு என்று ஒரு மௌலவியிடம் கேட்டேன், சிரித்துவிட்டார்.

அந்த அடையாளம் வருகிற ஹதீஸிலேயே (நபிமொழியிலேயே), மறுமை எப்போது என்று வானவர் ஜிப்ரீல் கேட்கும்போது, கேட்கப்பட்டவர் கேட்பவரைவிட அறிந்தவர் அல்லர் என்று நபியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு ஹதீஸ் இருக்கிறது, உங்கள் மாமாவுக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்: மறுமை வந்துவிட்ட வேளையிலும் உங்கள் கையில் ஈச்சங்கன்று இருந்தால், முடிந்தால் அதை நட்டுவிடுங்கள்.

உட்துறைமுகம்:
நிலாவெளித் தங்கச்சி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அந்தப் போதகர் செய்தது தவறு. தெசலோனிக்கே சபைக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபம் கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கலங்கியவர்களுக்கு எழுதியதுதான். அதே நிருபத்தில்தான் ‘வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது’ என்றும் இருக்கிறது. மத்தேயு 24:6ஐயும் அவர் முழுதாக வாசித்திருக்க வேண்டும்: ‘கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்... முடிவு உடனே வராது.’ நானே என் முதல் பதிவில் அந்தப் பாதியை விட்டுவிட்டேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் தவறாக வாசித்தவன் இருக்கிறான் என்பதற்காக வசனத்தை 70ஆம் ஆண்டோடு புதைக்கச் சம்மதிக்க மாட்டேன். அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லர் தானியேலின் 2300 நாளை வருடமாக்கிக் கூட்டி, கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று அவருடைய இயக்கம் நாள் வைத்துக் காத்திருந்தது. அன்று எதுவும் நடக்கவில்லை. தவறியது கணக்கு. வருவேன் என்றவர் தவறவில்லை.

சோக்கட்டி:
அதை நானும் சொல்லவில்லை, தம்பி. ‘மறுபடியும் வருவார்’ என்று விசுவாசப்பிரமாணத்தில் நானும்தான் வாராவாரம் சொல்கிறேன். அத்திமரத்தை 1948 ஆக்குகிறீர்களே, அதுவும் மில்லரின் கணக்குப் பலகையில் இருந்து வந்ததுதான் என்கிறேன். 1948உடன் ஒரு சந்ததிக்கு நாற்பது வருடம் கூட்டி 1988 என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1988இல் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்காது. இந்திய இராணுவத்தின் சோதனைச் சாவடியில் நான் வரிசையில் நின்றேன்.

கோணமலையான்:
எங்கள் கணக்கில் கலியுகம் 4,32,000 வருடம். தொடங்கி ஐயாயிரத்துச் சொச்சம்தான் ஆகிறது. உங்கள் எல்லோருக்கும் நாங்கள் தாராளமாகவே தவணை தருகிறோம்.

உட்துறைமுகம்:
அத்திமரத்தைப் பற்றி யோசிக்கிறேன், மாஸ்டர். லூக்காவில் ‘அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்’ என்று இருக்கிறது. மற்ற மரங்கள் எந்தத் தேசம் என்று குழுவில் ஒரு பிள்ளை கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. தானியேல் 11:40ஐ மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

கோணமலையான், அந்தக் கல்லை இத்தனை வருடம் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து கோட்டை வாசலுக்கு வரட்டுமா?

கோணமலையான்:
வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் வந்தால் எழுத்து கொஞ்சம் தெரியும். மாஸ்டரையும் கூட்டி வாருங்கள், ‘பறங்கி’ எந்த வரியில் இருக்கிறது என்று அவருக்குத்தான் கண் பிடிபடும்.