இன்டக்ரிட்டிக்குத் ‘திரிபின்மை’ சரிவருமா? (தகவல் பாதுகாப்புப் பட்டப்படிப்புக்கான சொற்கள்)

நண்பர்களுக்கு வணக்கம்.

கோவையில் எங்கள் கல்லூரியில் தொடங்கவிருக்கும் தகவல் பாதுகாப்பு பி.எஸ்சி. படிப்புக்கு முதல் பருவச் சொற்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கான்ஃபிடென்ஷியாலிட்டிக்கு மந்தணம், அவைலபிலிட்டிக்குக் கிடைப்பு. இவற்றில் பெரிய சண்டை இல்லை. இன்டக்ரிட்டிதான், அதாவது தகவல் யாராலும் முறைகேடாக மாற்றப்படாமல் உள்ளபடியே இருப்பதுதான், இழுத்துக்கொண்டே போகிறது.

> ஒருமைப்பாடு என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைக்கலாம். ஆனால் வகுப்பில் சொன்னதும் பிள்ளைகளுக்குத் தேசிய ஒருமைப்பாட்டு உறுதிமொழிதான் நினைவுக்கு வரும். ‘நேர்மை’ ஆளுக்குரிய குணம், கோப்புக்கு ஒட்டாது. நம்மை ஏமாற்றுகிற சொல் ‘முழுமை’தான். திருப்பூர் ஏற்றுமதிக்காரர் ஒருவர் வெளிநாட்டு பையருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறார் என்று வையுங்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்தவன் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவிடுகிறான். பீஸ் கணக்கு சரி, டாலர் தொகை சரி, கம்பெனி சீல் சரி. ஒரு பக்கம்கூடக் குறையவில்லை, இன்வாய்ஸ் முழுமையாகத்தான் இருக்கிறது. பணம் மட்டும் எவன் கணக்குக்கோ போய்விடும்.

அதனால்தான் திரிபின்மை என்கிறேன். ‘ஐயந்திரிபற’ என்று எழுதிப் பழகியவர்கள் நாம். பால் திரிஞ்சு போச்சு என்று வீட்டில் சொல்வதும் இதே வினைதான்.

> இலக்கணத்தில் திரிதல் மூன்று விகாரங்களில் ஒன்றுதானே? தோன்றலும் கெடுதலும் எங்கே போயின?

ஈரோட்டுத் தமிழாசிரியர் கேட்டது. நல்ல கேள்விங்க ஐயா. இன்டக்ரிட்டி உடைவதும் சரியாக இந்த மூன்று வழிகளில்தான். மதிப்பெண் பட்டியலில் இல்லாத மாணவனை நுழைத்தால் தோன்றல், கணக்கு எண்ணை மாற்றினால் திரிதல், சர்வர் லாகில் (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவில்) தன் தடயத்தை அழித்தால் கெடுதல். பாடத்தையே இப்படிப் பிரித்து நடத்தலாம் என்று தோன்றுகிறது. ஆனாலும் ‘விகாரமின்மை’ வேண்டாம், அது அழகுப் போட்டிக்குப் போய்விடும்!

மூன்றுக்கும் ஒரு சொல் போதும் என்பதற்கு ஹாஷையே (கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், அதன் கைரேகை போன்ற எண்) சாட்சிக்கு அழைக்கிறேன். எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறை எந்தக் கோப்புக்கும் 256 பிட், அதாவது பதினாறடிமான எண்முறையில் 64 இலக்கம் தரும். வரியைச் சேர்த்தாலும் எழுத்தை மாற்றினாலும் எடுத்தாலும் அந்த 64 இலக்க எண்ணே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். எந்த விகாரம் என்று ஹாஷ் சொல்லாது, கோப்பு திரிந்தது என்று மட்டும் காட்டும். லேபில் இதற்குத் ‘திரிபுச் சோதனை’ என்று பெயர் வைக்கலாம், வாயில் நிற்கிறது. (கோப்பை மாற்றுகிறவனே ஹாஷையும் புதிதாகக் கணக்கிட்டு வைத்துவிட முடியும் என்பதால், அனுப்புகிறவர் தன் ரகசியச் சாவியைக் கொண்டு இடும் டிஜிட்டல் கையொப்பத்தையும் அதே வாரத்தில் நடத்திவிட வேண்டும். இந்தியாவில் அதற்குச் சட்ட ஏற்பு தந்தது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம்.)

பாடத்திட்டக் குழுவுக்குப் போகும் முன் மறுப்பு இருந்தால் சொல்லிவிடுங்கள். அப்புறம், நான்-ரெப்யூடியேஷனுக்கு (செய்தவர் பின்னால் ‘நான் செய்யவில்லை’ என்று சொல்ல முடியாத நிலை) ‘மறுக்கவியலாமை’ என்று எழுதி வைத்திருக்கிறோம். நாக்கு சுளுக்குகிறது. யாராவது கொஞ்சம் சுருக்கிக் கொடுங்களேன்.