அம்மாயியோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும்

தங்கச்சிக்கு ஆவணியில் சிவன்மலையில் கல்யாணம். காதலித்த பையன்தான், இரண்டு வீட்டாரும் பேசி நிச்சயம் செய்தது. அதற்குள் குழந்தை உண்டாகிவிட்டது. அம்மா, அப்பா ஒருவழியாகத் தேறிவிட்டார்கள். அம்மாயி (அம்மாவின் அம்மா) மட்டும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இவள் அழுதுகொண்டே சாப்பிடுகிறாள்.

எடுத்துச் சொன்னால் கேட்க மாட்டார், ஆனால் படம் என்றால் உயிர். ‘வீட்ல விசேஷம்’ (2022) போட்டேன். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும்போது மறுபடி உண்டாகும் அம்மாவாக வரும் ஊர்வசியைப் பார்த்துச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும், “அவிய தாலி கட்டுனவிய சாமி, இது வேற” என்றுவிட்டார்.

அப்புறம் தேடியதில் ‘சலாம் நமஸ்தே’ (2005) கதை பொருந்துகிறது. மெல்போர்னில் கல்யாணமாகாத ஜோடி. ஆனால் இந்தி, தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. ‘ஜூனோ’ (2007) எனக்கு ரொம்பப் பிடித்த படம். அப்பாவும் சித்தியும், உண்டாகிவிட்ட பள்ளிக்கூடப் பெண்ணைக் கைவிடாமல் நிற்பது அவ்வளவு அழகு. ஆனால் பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதை அம்மாயி தாங்க மாட்டார். ‘நாக்ட் அப்’ (2007) வசனங்களைப் பெரியவர்களோடு உட்கார்ந்து கேட்க முடியாது.

அம்மாயிக்குக் கண்புரை, சப்டைட்டில் படிக்க வராது. நாங்கள் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறோம், வீட்டில் ஸ்மார்ட் டிவி உண்டு. வருகிற ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் ஒன்றாக இருப்போம்.

கல்யாணத்துக்கு முன்பே உண்டான பெண்ணைக் கேவலப்படுத்தாமல், சிரிக்கவும் வைக்கிற காதல் படம் தமிழ்ப் பேச்சோடு எது இருக்கிறது, எதில் பார்க்கலாம்?