மருந்தையும் மருத்துவமனையிலேயே வாங்கு என்றால் எங்கே புகார் கொடுப்பது?

வணக்கம். குழுவில் வழக்கறிஞர்கள் இருந்தால் உதவுங்கள்.

போன மாதம் அம்மாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் முழங்கால் அறுவை சிகிச்சை. வெளியே மெடிக்கலில் நான் வாங்கிப்போன ஊசியையும் சலைன் செட்டையும் நர்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார். கவரைக்கூடப் பிரிக்கவில்லை. "கீழே நம்ம பார்மஸியில் வாங்கினதைத்தான் போடுவோம்" என்றார். அம்மா வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது வாதாடவா முடியும்? அதே பொருளைக் கூடுதல் விலைக்கு வாங்கிவந்தேன்.

ஒன்றோடு இன்னொன்றைக் கட்டி விற்பதைப் பற்றி 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவு பேசுகிறது. ஆனால் 2023 திருத்தத்துக்குப் பிறகு, கடைசி நுகர்வோரோடு செய்யும் ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. மிச்சம், சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 4ஆம் பிரிவு. அதற்கு மருத்துவமனைக்குச் சந்தையில் ஆதிக்கம் இருப்பதைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1984இல் ஜெஃபர்சன் பாரிஷ் வழக்கு தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். ஒரு மருத்துவமனை அறுவை சிகிச்சையோடு குறிப்பிட்ட மயக்க மருந்து மருத்துவர்களின் சேவையையும் சேர்த்துக் கட்டிய வழக்கு அது. அந்த வட்டார நோயாளிகளில் 30 சதவீதம் பேர்தான் அந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள், ஆதிக்கத்தைக் காட்ட அது போதாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. படுக்கையில் சேர்த்த பிறகு நோயாளிக்கு வேறு சந்தை ஏது?

போட்டி ஆணையத்தில் இப்படி யாராவது மனு போட்டிருக்கிறீர்களா? அல்லது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதுதான் நல்லதா? இரண்டு ரசீதுகளும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேறு என்ன சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.